அக்கா திருத்திய பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன், மாமல்லபுரம் கடற்கரை ஓரத்து ஓட்டல் ஒன்றில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் படாளம். வாரநாட்களில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை. சனிக்கிழமை மாலையானால் அந்த ஓட்டலில் கிடாரோடு நானே எழுதிய பாட்டுகள். அமெரிக்க நாட்டுப்புற மெட்டும் ராக்கும் கலந்த கன்ட்ரி ராக் என் பாணி; அது வீட்டில் யாருக்கும் புரியாது. ஆனாலும் சினிமாப் பாட்டு பாடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். ஆறு வருட உழைப்பில் முதல் ஆல்பம் தயாராகி, அடுத்த வெள்ளிக்கிழமை இணையத்தில் வெளியாக இருந்தது.

அன்று அதிலிருந்து முக்கியமான பாட்டைப் பாடினேன். கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த மீனவப் பெண் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பதாக வரும். நல்ல கைதட்டல். சமையலறைக்கு மீன் கொண்டுவந்த நெம்மேலிக்கார அக்கா ஒருவரும் காலிக் கூடையோடு நின்று கேட்டார். பாராட்டுவார் என்ற நினைப்பில், "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"கொரலு நல்லாத்தான் கீது. ஆனா எம்மா நேரம்பா அவ அழுதுகினே இருப்பா? எம் புருசனையும் கடலுதான் தூக்கிகினு போச்சு. நான் குந்திகினு அழுதா மீனை யாரு விக்கிறது? ஒருநாள் வந்து பாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு நெம்மேலி போய்விட்டேன்.

கரையில் நடந்த மீன் ஏலத்தில் அவர் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது. ஒருவரோடு சண்டை, அடுத்த நிமிடமே அவரோடே சிரிப்பு. கூடைக்கு இடமில்லை என்ற ஷேர் ஆட்டோ டிரைவரிடம், "அப்ப நீ எறங்கி நட, நைனா" என்றார். என் பாட்டில் இந்தப் பெண் எங்கேயும் இல்லை.

நேரே ரெக்கார்டிங் செய்த நண்பனிடம் போய், ஆல்பத்தை நிறுத்தச் சொன்னேன்.

"மச்சான், லூசா நீ? எல்லாருக்கும் தேதி சொல்லிட்டு இப்ப வந்து நிறுத்துன்றியே!" என்று கத்தினான். நான் மசியவில்லை. வெளியீடு இரண்டு மாதம் தள்ளிப்போனது. தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து அந்தப் பாட்டை எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். அழுகை போய் ஏலக் கூச்சல் வந்தது; மெதுவாக இருந்த பாட்டு வேகம் பிடித்தது, டிரம்ஸ் சேர்ந்தது.

முடித்ததும் முதலில் அக்காவிடம்தான் பாடிக் காட்டினேன். ஓட்டல் பின்வாசலில் நின்றபடியே முழுதும் கேட்டார். "ஏலம் வர்ற எடத்துல இன்னும் கொஞ்சம் கத்து" என்றார். கத்தினேன். அப்படியேதான் பதிவும் செய்தோம்.

அந்த ஆல்பம் பெரிய பெயர் ஒன்றும் வாங்கித் தரவில்லை. இன்னமும் கம்பெனி வேலைதான், சனிக்கிழமை கிடார்தான். ஆனால் யாரைப் பற்றி எழுதினேனோ, அவர் எதிரில் நின்று கண்ணைப் பார்த்துப் பாட முடிகிற வரை, ஒரு பாட்டையும் நான் வெளியே விடுவதில்லை.