பதினேழு கேள்விகளும் ஒரு லாக்டோமீட்டரும்

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, போனில் பதினேழு கேள்விகளை டைப் செய்துகொண்டிருந்தேன். எனக்காக அல்ல. பக்கத்தில் நெல்லிக்காய் கடித்துக்கொண்டிருந்த கோமதிக்காக.

கோமதி என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணியை 'நங்கை' என்போம். முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து முதல் கர்ப்பம். மீனாட்சிபுரத்துப் பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து வாங்குகிற வேலை. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஆக, இரண்டு பேருக்குமே சோதனைதான் சோறு போடுகிறது.

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாடு இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை, கூடவே ஒரு ஸ்கேன். கட்டாயமில்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் — டாக்டர் சொல்லியிருந்தார். எடுப்பதா, வேண்டாமா? வீட்டில் யாருக்கும் தெளிவில்லை. அதனால்தான் என் பட்டியல். துல்லியம் எவ்வளவு, எந்த லேப், ரிப்போர்ட் எப்போது...

அண்ணனும் வந்து சேர, மூன்று பேரும் உள்ளே போனோம். நான் போனைத் திறப்பதற்குள் நங்கை ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், இதுல வர்றது முடிவுங்களா, சந்தேகமுங்களா?"

"சந்தேகம் மாத்ரம். உறுதியா சொல்ல வேற டெஸ்ட் வேணும்" என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில்.

"அப்ப நாங்க பால்ல மிதக்க உட்டுப் பாக்கற லாக்டோமீட்டர் மாதிரிங்க. அது எறங்கி நின்னா தண்ணி கலந்துட்டாங்கன்னு சொல்லிப்போட முடியாதுங்க. கறந்த சூட்டோட கொண்டாந்தாலும் அப்படித்தான் காட்டும். ஆற வெச்சு மறுக்கா பாக்கோணும். அவசரப்பட்டுப் பாலைத் திருப்பி அனுப்பிட்டா, அந்த ஊட்டுக்காரங்க ஆறு மாசம் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். சந்தேகம் காட்டுகிற டெஸ்டுக்கும் உறுதி செய்கிற டெஸ்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆபீஸில் புதியவர்களுக்கு விளக்க எனக்கு அரை நாள் ஆகும்.

அண்ணன்தான் தயங்கினார். "எதுக்கு கோமதி? தெரியாமயே இருந்தா நிம்மதியா இருக்கலாம்ல?"

"உங்க நிம்மதி ஆறு மாசத்துக்குத்தானுங்க. எனக்கு அதுக்கப்புறம்தான் வேலையே."

"ஏதாச்சும் இருக்குதுன்னு வந்தா?"

"வந்தா வருது. கொழந்தைய மாத்தறதுக்கா டெஸ்ட் எடுக்கறோம்? தேவைப்பட்டா ஆஸ்பத்திரிய மாத்தறதுக்குங்க."

நான் என் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பதினேழில் ஒன்றுகூட 'தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்' என்று கேட்கவில்லை. டெஸ்ட் எழுதுகிறவளுக்கு இது முதல் பாடம் அல்லவா? போனை மெதுவாகப் பைக்குள் வைத்தேன்.

இதே இடத்தில் இன்னொரு பெண் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். அதுவும் சரிதான்... ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால்.

ரிப்போர்ட் வந்தது. 'வாய்ப்பு அதிகம்' என்றது. அண்ணன் அன்று சாப்பிடவில்லை. நங்கை அவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "சந்தேகம்னுதானுங்க சொன்னாங்க. தீர்ப்பு சொல்லலியே" என்றாராம்.

அடுத்தது, வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கிற டெஸ்ட். அதில் கரு கலைய மிகச் சிறிய வாய்ப்பு உண்டா என்று நங்கை கேட்டார். உண்டு என்றார் டாக்டர். "அப்ப அது வேண்டாமுங்க. எப்படி இருந்தாலும் பெத்துக்கறதுன்னு ஆயிருச்சு. இப்படிக் கொழந்தைகளுக்கு இருதயத்துல கோளாறு வரலாம்னாங்களே, அதை மட்டும் ஸ்கேன்ல பாத்துச் சொல்லுங்க. பொறந்த உடனே வைத்தியம் வேணுமான்னு தெரிஞ்சாப் போதும்."

அந்த ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பச்சிளம் குழந்தைகளுக்கான டாக்டர்கள் எந்நேரமும் இருக்கிற கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் பெயர் பதிந்தாகிவிட்டது. போன ஞாயிறு பதிந்துவிட்டுத் திரும்பும்போது காரில் கேட்டேன்:

"பயமா இல்லையா, நங்கை?"

"இருக்குது அம்மிணி. எவ்வளவுன்னு அளக்க டெஸ்ட் இருந்தா மட்டும் சொல்லிப்போடாதே. அதை நான் எடுக்க மாட்டேன்."