சீர்வரிசைத் தவலையும் பேஞ்சோவும்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் தென்காசியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே ஓர் அரிசி மில்லில் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரும்பு, பித்தளை கடைகிற சின்ன லேத்து ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். அதற்குக் கரண்டு கிடையாது. பக்கத்திலிருக்கும் பெரிய சக்கரத்தை ஓர் ஆள் கையால் சுற்றினால்தான் ஓடும்.

ஒரு நாள் மில் பெல்ட்டில் சிக்கி அவருடைய வலது கை நசுங்கிவிட்டது. விரல் மடங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம். "முருகா, இந்தக் கை பிழைச்சா, இதே கையால ஒரு வாத்தியம் செஞ்சு உன் சன்னதியில வாசிக்கேன்" என்று பண்பொழி திருமலைக்கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். கை பிழைத்தது.

என்ன வாத்தியம் என்பதை அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார். ஒரு சீசனில் குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரர் ரோட்டோரம் உட்கார்ந்து பேஞ்சோ என்கிற, தோல் கட்டிய கம்பி வாத்தியத்தை வாசித்தாராம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிய இவர், குளிக்க மறந்து அங்கனயே நின்றுவிட்டார்! பஜனையில் புல்புல்தாரா வாசித்துப் பழகியவர் என்பதால் ஆசை விடவில்லை. பலாக்கட்டையில் வட்டச் சட்டமும் நீளக் கழுத்தும் செய்தார். சட்டத்தில் ஆட்டுத்தோலை இழுத்துச் சுற்றிலும் ஆணி அடித்தார். கம்பி கட்டி வீட்டில் வாசித்தபோது நன்றாகத்தான் இருந்தது.

வைகாசி விசாகத்தன்று மலையேறினோம். அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. சன்னதி முன்னால் பஜனைக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து மீட்டினால், ஈரத்தில் தோல் தொய்ந்துபோய்த் தொப்புத்தொப்பென்று சத்தம் வருகிறது. மிருதங்கம் வாசிக்கிற அண்ணாச்சி விடுவாரா? "என்ன வே, பேஞ்சோன்னு சொன்னீரு! நமுத்துப்போன அப்பளமால்லா இருக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார். ஆனால் கூட வந்த ஓர் அம்மாள், "சாமி ஏத்துக்கிடலை போலிருக்கு" என்று என் காதில் சொன்னாள். அதுதான் என்னை அறுத்தது. சாமியே வேண்டாம் என்றால் அந்தக் கை என்ன ஆகுமோ என்று பயம்.

இவர் பயப்படவில்லை. "ஈரத்துல தோல் தொய்யத்தான் செய்யும். இறுக்குததுக்கு வழி வேணும். வெள்ளைக்காரன் வச்சிருந்தான், நான்தான் சரியாப் பாக்கலை" என்றார். தோலுக்கு மேல் ஒரு பித்தளை வளையம், அதைக் கீழே இழுக்கச் சுற்றிலும் கொக்கிகள், கொக்கிகளை இறுக்க நட்டுகள். இவ்வளவும் வேண்டும்.

வளையத்துக்கு எங்கே போக? என் சீர்வரிசைப் பித்தளைத் தவலை அடியில் ஓட்டை விழுந்து பரணில் கிடந்தது. அதன் வாய் சட்டத்துக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது.

"ஒங்கப்பா கேட்டா என்னட்டி சொல்லுவ?"

"சாமிக்குக் குடுத்தேன்னு சொல்லுதேன். நீங்க அறுங்க."

வாயை அறுத்தெடுத்து அரம் வைத்து ராவினார். கொக்கிக்கும் நட்டுக்கும் லேத்து. சக்கரம் சுற்றுவது நான். "ஏட்டி, மாவாட்டுத மாதிரி சுத்தாத! பிள்ளைத்தாச்சி நடக்க மாதிரி நிதானமாச் சுத்து" என்று கத்துவார். வேகம் கூடிக் குறைந்தால் வெட்டுகிற உளியின் முனை ஒடிந்து, பாதி கடைந்த நட்டு வீணாகும். கடைசியில், ஒரு சுற்றுக்கு ஒரு 'சரவணபவ' என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தேன். பித்தளை மஞ்சள்பொடி மாதிரிக் கொட்டியது. அதற்கப்புறம் ஒரு நட்டுகூட வீணாகவில்லை. "இனி கரண்டு வந்தாலும் எனக்கு வேண்டாம்" என்றார்.

ஆடிக் கிருத்திகைக்கு மறுபடி மலையேறினோம். அன்றைக்குச் சாரல் இன்னும் கனம். முதல் மீட்டலிலேயே அதே தொப்பு.

"அப்பளம் இன்னும் காயலையா வே?" என்றார் அண்ணாச்சி.

இவர் பதறாமல் இடுப்பிலிருந்து நட்டு முடுக்குகிற சாவி ஒன்றை எடுத்தார். அதுவும் அவர் கடைந்ததுதான். ஒரு நட்டை இறுக்கினார், அப்புறம் அதற்கு நேர் எதிரில் இருந்ததை. இப்படியே மாறி மாறிச் சுற்றி வந்தார். ஒரு சுற்று கூடினாலும் தோல் கிழிந்துவிடும். நான் சன்னதியைப் பார்க்காமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் மெல்ல மெல்ல விறைத்தது. கம்பியைச் சுண்டினார். கணீரென்று மண்டபம் முழுக்கக் கேட்டது! நசுங்கிய அந்தக் கை முருகன் பாட்டு ஒன்றை அடி பிசகாமல் வாசித்தது. அண்ணாச்சி மிருதங்கத்தை இழுத்து வைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். இரண்டாவது பாட்டில் மிருதங்கமும் ஈரத்தில் சுருதி இறங்கிவிட்டது. "வே, அந்தச் சாவியை இங்கன தாரும். இதுக்கு ஆகுமான்னு பாப்போம்!" என்றாரே பார்க்கலாம், கோயிலே சிரித்தது. அர்ச்சகர் முருகன் கழுத்து மாலையைக் கொண்டுவந்து பேஞ்சோவின் கழுத்தில் போட்டார்.

இன்றைக்கும் ஒரு காரியம் முதல் தடவை பிசகினால், 'இன்னும் கொஞ்சம் ராவிக் கொண்டு வா' என்று முருகன் சொல்வதாக எடுத்துக்கொண்டு, மறுபடியும் வேலையில் உட்கார்ந்துவிடுகிறேன்.