முழங்கை மறைத்த ரவிக்கை

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். யாரிடமும் தலை குனிந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் குனிகிறேன்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போகும்போது கொசுவுக்காக எல்லாப் பெண்களும் முழுக்கைச் சட்டை போடுவோம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. சின்ன வயதிலிருந்தே என் முழங்கை மடிப்பில் கரப்பான் புண். பெண் பார்க்க வந்த அன்றும் அம்மா முழங்கை மறையும் ரவிக்கைதான் போட்டுவிட்டாள். இன்றுவரை அப்படித்தான் தைத்துக்கொள்கிறேன்.

தொண்ணூறாம் வருஷம் கடைசி மகனுக்குப் பெண் பிறந்தாள். மூன்று மாதத்தில் கன்னம் சிவந்து, கை மடிப்பெல்லாம் புண். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி விசாரித்தபோது, மருமகள் காதில் விழும்படி சொன்னேன்.

“பத்தியத்துல றாலு தின்னா வேற எப்படி லா இருக்கும்? அவங்க அம்மா வீட்டு ரத்தம் அப்படி.”

மருமகள் அதன்பிறகு றாலைத் தொடவில்லை.

பேத்திக்கு ஆறு வயதானபோது நானும் மருமகளும் அவளை மலாக்கா டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். தமிழ்ப் பெண். பொறுமையாகச் சொன்னார்.

“இது றாலால வந்ததில்ல பாட்டி. தோலுக்குள்ள ஒரு வகை செல் இருக்கு. ஒத்துக்காதது பட்டா உள்ள இருக்கிறதையெல்லாம் கொட்டிடும். அதுல ஒரு என்சைமும் இருக்கு. அதைச் செய்யிற ஜீன் சில குடும்பத்துல கொஞ்சம் மாறி வருதோன்னு இப்பத்தான் ஆராயிறாங்க. இன்னும் முடிவாகல. உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?”

மருமகள் என்னைப் பார்த்தாள்.

“எங்க பக்கம் யாருக்கும் இல்ல டாக்டர்,” என்றேன். ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“அப்ப எங்க பக்கம்தான் டாக்டர். எழுதிக்குங்க,” என்றாள் மருமகள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. முந்தின வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு வாரம் என்னைத் துடைத்து உடுத்திவிட்டவள் அவள். என் கைத் தழும்பை அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்? பார்த்தும், எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள்.

மூன்று வருஷமாகிறது. சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்புவரை படித்த எழுத்தில், நாலு நாளாக உட்கார்ந்து இதை எழுதினேன்.

கண்ணு, இங்க வா. சொறியாத, கையை எடு. இதை எனக்குப் படிச்சுக் காட்டு. மெதுவா வேணாம், சத்தமா படி. அடுப்படியில இருக்கிற உங்கம்மாவுக்குக் கேக்கணும்.