கழற்றிய செருப்பு

கொல்லிமலையிலுள்ள எங்கள் பள்ளி மாணவர்களை ஆசிரியர்கள் நாங்கள் சிங்கப்பூர் சுற்றிக்காட்ட அழைத்துப்போனபோது, பெற்றோர் சார்பில் ஒருவர் துணைக்கு வந்தார். எங்கள் மலையிலேயே திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் மிளகு போட்டிருப்பவர். மரமேறி மரமேறி உள்ளங்கால் காய்த்துப்போன, அதிகம் பேசாத மனிதர்.

எங்கள் மலையில் சாமி இருக்கும் சோலைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றுவார்கள். இவர் சிங்கப்பூரில் ஒவ்வொரு உயர்ந்த கட்டடத்தின் வாசலிலும் கழற்றினார். பிள்ளைகள் சிரித்தார்கள். காவலாளி ஒருவர் போட்டுக்கொள்ளும்படி சைகை காட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாரே தவிர, காலில் போடவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது.

“இது கோயில் இல்லீங்க,” என்றேன்.

“தெரியுமுங்க. எங்க பெரிய பையன் இந்த ஊருக்குத்தான் கட்டட வேலைக்கு வந்தான். மேல இருந்து விழுந்துட்டான்னு பொட்டியில அனுப்புனாங்க. எந்தக் கட்டடம்னு யாரும் சொல்லலீங்க.”

அதன்பின் பிள்ளைகள் சிரிக்கவில்லை.

மாலையில் பஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பியது. நாங்கள் போகாத கட்டடங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்துகொண்டே இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தபடி வந்தார். செருப்பு மடியில் இருந்தது.