மே மாதத்துப் பிள்ளைகள்

எனக்கும் என் அண்ணனுக்கும் ஐந்து மாதம்தான் வித்தியாசம். நான் சொல்லவில்லை, எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள் சொல்கின்றன. தாம்பரத்தில் விசா காகிதங்கள் பார்த்துக் கொடுக்கும் வக்கீல் ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வரை எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனித்ததே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணன் அமெரிக்கக் குடிமகனாகி, தங்கை என்ற முறையில் எனக்கு மனுப் போடப்போவதாக எழுதியிருந்தார். நான் பள்ளி ஆசிரியை. என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒரே பெண், அப்போது மூன்றாம் வகுப்பு. இருபத்தொரு வயதுக்குள் இருந்தால் பிள்ளையும் தாயின் விசாவிலேயே வரலாம், அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அண்ணன் எழுதிய வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. அவளோடு போக வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

வக்கீலின் அலுவலகம் மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. பெருங்களத்தூரிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். வக்கீல் சான்றிதழ்களை மாறிமாறிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். அப்பாவுக்கு ரெண்டு சம்சாரமா?"

அம்மா என்னை முந்திக்கொண்டார். "இன்னொருத்தியக் கட்டியிருந்தா அந்த மனுஷன் அறுபது வயசு வரைக்கும் உசுரோட இருந்திருப்பாரா சார்?"

எல்லாம் அப்பாவின் வேலை. பின்னால் சர்க்கார் உத்தியோகத்துக்கு வசதியாக இருக்கும் என்று அண்ணனுக்கு ஒரு வயதைக் குறைத்துச் சேர்த்திருக்கிறார். வீட்டில் என் தொல்லை தாங்காமல் எனக்கு அரை வயதைக் கூட்டிச் சேர்த்திருக்கிறார். நிஜமாக எங்களுக்குள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இடைவெளி. அப்பா போட்ட கணக்கில் அது ஐந்து மாதமாகிவிட்டது. ஒரே வயிற்றில் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் எப்படிப் பிறக்கும் என்று அமெரிக்காக்காரன் கேட்க மாட்டானா? செத்துப்போன மனுஷரை அன்றைக்கு மனசார வைதேன்.

அண்ணனின் தேதியைத் திருத்தினால் அவர் அங்கே கொடுத்த காகிதமெல்லாம் பொய்யாகிவிடும். என்னுடையதைத் திருத்தலாமென்றால், பள்ளியில் என் பணிப்பதிவேட்டைத் தொட விடமாட்டார்கள். வக்கீல் விளக்க விளக்க எனக்குத் தலை சுற்றியது. எங்கள் ஜாதகங்களைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். ஜாதகத்தைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இங்கே செல்லாது என்றார். கடைசியில், இருவரும் தன் வயிற்றில் பிறந்தவர்களே, பள்ளித் தேதிகள் தகப்பனார் உத்தேசமாகக் கொடுத்தவை என்று அம்மாவை முத்திரைத்தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

"பொறப்புப் பதியாத எடத்துல பெத்தவங்க சொல்றதுதான் டீச்சர் சாட்சி."

பெற்றதற்கும் ஒரு பத்திரமா என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா கையெழுத்துப் போட்டார்.

அடுத்து என் பெண். அவளும் வீட்டிலேயே பிறந்தவள், பஞ்சாயத்தில் போய்ப் பதிய ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்காக நானும் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் பிறந்தது செப்டம்பர். பள்ளியில் இருப்பது மே. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. செப்டம்பர் என்று எழுதினால் ஒரு வருடம் வீணாகும். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள்தான். பெற்றோர் கேட்பார்கள், நாங்கள் எழுதுவோம். என் பெண்ணுக்கும் நானே விண்ணப்பம் பூர்த்திசெய்து மே என்று போட்டிருந்தேன்.

இது சரியான தேதிதானே என்று வக்கீல் கேட்டார். அப்பா செய்த குளறுபடியைத் தீர்க்கவே அரைநாள் போயிருந்தது. இதில் நானும் ஒன்றைக் கிளப்ப வேண்டாம், காகிதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் போதும் என்று நினைத்தேன். சரிதான் சார் என்று சொல்லி, பெற்ற தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு பதிமூன்று வருடக் காத்திருப்பு. மனுப் போட்ட தேதி வரிசையில்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வரிசை எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்று வக்கீலிடம் போய்க் கேட்டுக்கொண்டு வருவேன். சில மாதம் நகரும், சில மாதம் நிற்கும், ஒருமுறை பின்னாலேயே போய்விட்டது. ரேஷன் கடையில்கூட நான் பின்னால் போகிற வரிசையைப் பார்த்ததில்லை. அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பெண் கல்லூரி முடித்தாள்.

ஒரு ஜூன் மாதம் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஜூலையில் வரச் சொல்லியிருந்தார்கள். பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். வக்கீலுக்குத் தலை நரைத்திருந்தது. கடிதத்தைப் படித்தார், அவளுடைய பாஸ்போர்ட்டைத் திறந்தார்.

"பொண்ணுக்கு மே மாசமே இருபத்தொண்ணு முடிஞ்சிடுச்சே டீச்சர். அவங்களுக்குக் கெடைக்காது. உங்களுக்கு மட்டும்தான்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவளுக்குச் செப்டம்பரில்தானே முடிகிறது, இன்னும் இருபதுதானே நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"பெத்தவ நான் சொல்றேன் சார்."

கோப்பிலிருந்து பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் கையெழுத்து. கரும்பலகையில் எழுதுகிற மாதிரி அழகாக, அழுத்தமாக, மே.

"இதுவும் பெத்தவங்க சொன்னதுதான்."

இப்போது திருத்த முடியாதா என்று கேட்டேன். கோர்ட், மார்க் ஷீட், பாஸ்போர்ட் என்று அடுக்கினார். மூன்று வாரத்தில் நடக்கிற காரியமில்லை. நான் முதலில் போய்விட்டு அங்கிருந்து அவளுக்குத் தனியாக மனுப் போடலாமாம். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்றேன். அவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, உண்மையிலேயே எனக்கு என்ன வயசு?"

"இருபது" என்றேன். அழுதேன், பஸ்ஸில் எல்லோரும் பார்க்கப் பார்க்க அழுதேன். அப்பாவை வைததைப் போல என்னை வைய எனக்கு வாய் வரவில்லை.

நேர்முகத்துக்கு நான் போகவில்லை. செப்டம்பரில் அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை முழுக வார்த்து, பாயசம் காய்ச்சினேன். எங்கள் வீட்டில் அவளுக்கு இருபத்தொன்று முடிந்தது அன்றைக்குத்தான்.