குடல்வாலில் நெளிந்த பூச்சி

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. என் ஏழு வயது மகள் ஆசனவாயில் அரிக்கிறது என்று சிணுங்கும்போதெல்லாம், "மிட்டாயாத் தின்னா பூச்சி வராம என்ன செய்யும்?" என்று வைவேன். பூச்சி மாத்திரையும் அவளுக்கு மட்டும்தான் கொடுப்பேன். அவளைக் கட்டிக்கொண்டு தூங்குகிற எனக்கும் அது ஒட்டும் என்று தோன்றியதே இல்லை.

போன மாதம் வலப்பக்க அடிவயிற்றில் வலி வந்து, தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். குடல்வால் வீங்கிவிட்டது, வெடிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். மேலே விளக்குகள் பந்தலில் தொங்கும் குலைகளாக ஆடின. பச்சைத் துணி இலையாகச் சலசலத்தது. எங்கோ தூரத்தில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"இங்க பாருங்க, கீரிப்பூச்சி நெளியுது."

நம் கொடியில்தான் பூச்சி விழுந்துவிட்டது, மருந்தடிக்க ஆள் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே மிதந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்தார். "உங்க குடல்வாலுக்குள்ள கீரிப்பூச்சி இருந்துச்சு. அபூர்வமா இப்படி ஆகும். பிள்ளைக கையிலருந்து, படுக்கையிலருந்து ஒட்டிக்கிரும். வீட்டுல எல்லாரும் மாத்திரை போடுங்க."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மிட்டாயைத் தொடுகிறவளே இல்லை.

அவர் கையைப் பிடித்து நின்ற மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மாவ வையாதப்பா. தெரியாமத் தின்னுருக்கும்."

எனக்கு மயக்கம் முழுசாகத் தெளிந்தது அப்போதுதான்.