கத்தி உடைந்தால் கொண்டு வாருங்கள்

கத்தி வெட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் யாரும் கத்தி செய்து விற்கக் கூடாது. பூட்டு, செருப்பு, கலப்பை என்று எதையாவது செய்து கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும் கோலத்தைப் பார்த்து தலையில் அடித்துக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிதில் குடியாத்தத்திலிருந்து நானும் என் சம்சாரமும் அவள் தம்பி மாணிக்கமும் வந்து இறங்கினோம். மாணிக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நான் சுரங்கக் கம்பெனியின் நிலத்தில், கம்பெனியின் அனுமதியோடு, ஒரு கொட்டகை போட்டுக் கொல்லுப்பட்டறை வைத்தேன். அந்த அனுமதி போய்விட்டால் திரும்பிப் போக ஊரில் எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பட்டறை திறந்த அன்று நாலு பேர் கூடி நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் கத்தி ஒடைஞ்சா கொண்டாங்க, புதுசு தரேன்" என்று கூவிவிட்டேன்.

கஞ்சிச் சட்டி

முதல் கத்தி எட்டாம் நாளே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் முனுசாமி, பாறைக்கு வெடி வைக்கிற கூட்டத்தில் வேலை செய்பவர். வெடித்திரி அறுக்க வேண்டும் என்றுதான் வாங்கிப் போனார். இப்போது கத்தியின் முனை ஒடிந்து, அதன் முதுகெல்லாம் சம்மட்டி அடி. திரி அறுத்தால் முதுகில் ஏன் அடி விழுகிறது என்று கேட்டேன். மனிதர் எதையும் மறைக்கவில்லை. கீழே சுரங்கத்துக்குள் எலித் தொல்லையாம். அதனால் கத்தியைப் பாறை இடுக்கில் அறைந்து, அதில் கஞ்சிச் சட்டியை மாட்டிவிட்டு வேலைக்குப் போவாராம். ஷிப்டு முடிந்ததும் சம்மட்டியால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டுப் பிடுங்கிக்கொள்வாராம்.

அது ஆணி செய்கிற வேலை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா கொல்லரே, ஒரு கஞ்சிச் சட்டியத் தாங்காத கத்தி ஒரு கத்தியா?"

அடுப்பங்கரை

சுரங்கத் தொழிலாளர்களின் குடிசை வரிசையான ஸ்கெலட்டன் லைனில் குடியிருந்த ஞானம்மாள் கொண்டுவந்த கத்தி உடைந்திருக்கவில்லை. ஆனால் அலகு கருத்து, கொஞ்சம் வளைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தினமும் இரண்டு வேளை அந்த அம்மாள் அடுப்பில் கரியைக் கிளறியது என் கத்தியால்தான். நான் இரவும் பகலும் கண் எரிய நின்று ஏற்றிய பதமெல்லாம் அந்த அடுப்பில் இறங்கிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாளுக்கோ என் மேல் ஒரு குறையும் இல்லை, சின்ன வருத்தம் மட்டும்தான்.

"அடுப்பு கிளற அருமையாக் கீதுண்ணா, கத்திரிக்காதான் நறுக்க மாட்டேங்குது."

துரையின் பரீட்சை

சுரங்கத்துத் துரை ஒருவர், கத்தி நன்றாக இருந்தால் தன் ஆட்கள் எல்லாருக்கும் வாங்குவதாகச் சொன்னார். அவருடைய பட்லர் சவரிமுத்து பரீட்சைக்கு என்று ஒரு கத்தி வாங்கிப் போனார். ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. அந்த ஒரு ஆர்டர் வந்தால் கம்பெனி என் கொட்டகையின் மேல் கை வைக்காது என்று நம்பினேன்.

துரை அந்தக் கத்தியால் இரும்பு ஆணியை வெட்டினார். மரத்தில் எறிந்தார். கதவிடுக்கில் கொடுத்து வளைத்தார். தகர டப்பாக்களைத் திறந்தார். எல்லாவற்றுக்கும் அது தாக்குப்பிடித்தது. கடைசியில் தண்டவாளத்தின் மேல் வைத்துப் பெரிய சம்மட்டியால் அடித்தாராம். சவரிமுத்து இரண்டு துண்டுகளையும் வெள்ளைத் துணியில் சுற்றி மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தொரைக்கு ரொம்ப சந்தோசம்பா, ஆனா ஒடையற கத்திய எப்டி வாங்கறதுன்னு கேக்கறார்."

வாசல் சோதனை

ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்களைச் சுரங்க வாசலில் சோதனை போடுவார்கள். யாரோ ஒரு புண்ணியவான் என் கத்தியின் மரப்பிடியைக் கழற்றி, உள்ளே குடைந்து, தங்கம் ஓடிய கல் துணுக்கு ஒன்றை வைத்து மூடியிருக்கிறான். அகப்பட்டுக்கொண்டான். அன்றிலிருந்து காவல்காரர்கள் என் கத்தி எதைக் கண்டாலும் கல்லில் போட்டுப் பிடியைப் பிளந்தார்கள். ஒரே நாளில் பதினோரு கத்திகள் பிடியில்லாமல் என்னிடம் வந்தன. ஒவ்வொருவரும் நான் சொன்ன வாக்கை எனக்கே ஒப்பித்தார்கள்.

அத்தோடு விடவில்லை. காவல் ஜமேதார் பட்டறைக்கே வந்தார். குடைந்தவன் நானில்லை என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். என் சம்சாரம் வாசலில் நின்று அழுதாள். அவர் கூரையைத் தடியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தபா பிடிக்குள்ள கல்லு கெடைச்சா இந்தக் கொட்டாயப் பிரிச்சிடுவோம், நீ குடியாத்தத்துக்கே போய் அரிவா அடி."

இரும்புப் பிடி

மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் மரப்பிடியே இல்லாத கத்தி செய்தேன். அலகும் பிடியும் ஒரே இரும்பு. ஒளித்துவைக்க இடமில்லை, கழற்ற ஒன்றுமில்லை, பாறையில் அறைந்தாலும் ஒடியாத கனம். ஜமேதார் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார். ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. கை வழுக்கும் என்றார்கள். தானே எடுத்துக்கொண்டு போவதாகவும், தன்னைப் பார்த்து நாலு பேர் வாங்குவார்கள் என்றும் சொல்லி மாணிக்கம் இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டான். வாங்கவும் வாங்கினார்கள்.

இருபது நாள் போயிருக்கும். சுரங்கத்துக்குள் வெடிமருந்துப் பெட்டி ஒன்றின் மூடி திறக்கவில்லை. மாணிக்கம் கத்தியைப் பலகைக்குள் இறக்கி, முழு பலத்தையும் கொடுத்து நெம்பியிருக்கிறான். கையெல்லாம் ஈரமும் மெழுகுவத்திப் பிசுக்கும். பழைய கத்தியாக இருந்தால் முனை போயிருக்கும், அவனும் என்னைத் திட்டிக்கொண்டு மேலே வந்திருப்பான். இது அசையவில்லை. அவன் கைதான் பிடியிலிருந்து அலகுக்கு வழுக்கிக்கொண்டு போனது. நாலு விரலிலும் நரம்பு அறுந்துவிட்டது.

காயம் ஆறியது. விரல்கள் மடங்கவில்லை. சம்மட்டி பிடிக்க முடியாதவனுக்குச் சுரங்கத்தில் என்ன வேலை? சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். அவன் அக்கா அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும்போது நான் வெளியே போய்விடுவேன். என்னால் அதைப் பார்க்க முடியாது. ஒருநாள் தாங்காமல், என்னை ஏதாவது திட்டித் தொலையேன் என்று அவனிடம் கேட்டேவிட்டேன். அவன் திட்டவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தான்.

"கொட்டாய் நிக்குது இல்ல மாமா, அது போதும்."

கொட்டகை இன்றும் நிற்கிறது, இரும்புப் பிடி போட்ட கத்தியில் ஒன்றுகூட இதுவரை உடைந்து திரும்பி வரவில்லை என்பதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.